பினாயில் அக்கா துடைத்த கோடு

பினாயில் அக்கா என்று தெருவே கூப்பிட்டதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. பதினேழு வருஷமாக அரசாங்க அலுவலகத்துத் தரையைத் துடைக்கிறவள் மேல் பினாயில் வாசனை வராமல் பன்னீர் வாசனையா வரும்? காலை ஆறரைக்குப் பின்கதவைத் திறப்பாள். மேசைகள், ஜன்னல் விளிம்புகள், அறிவிப்புப் பலகையின் கண்ணாடி, கடைசியில் தரை. தரையை உள்ளேயிருந்து வாசலைப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்டே துடைக்க வேண்டும். முன்னால் நகர்ந்து துடைக்கிறவன் தன் கால்தடத்தைத் தானே பதித்துவிட்டுப் போவான். ஒன்பதரைக்கு ஊழியர்கள் வரும்போது தரை காய்ந்திருக்கும், அவள் வந்துபோன சுவடே இருக்காது. சுத்தம் என்றால் அதுதான் என்பது அவள் கட்சி.

அலுவலகம் சாலையின் மேட்டில் இருந்தது. அவள் குடியிருந்த தெரு பள்ளத்தில், ஆற்றை ஒட்டி. துடைத்து முடித்த அழுக்குத் தண்ணீரை கேட்டுக்கு வெளியே கொட்டினால், அது சாலையோரமாகவே சறுக்கிக்கொண்டு போய், டீக்கடையைத் தாண்டி, வளைவில் திரும்பி, அவளுக்கு முன்னால் அவள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"நீ கிளம்புறது எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்க்கா. முதல்ல உன் ஆபீஸ் தண்ணி வரும், பின்னாடியே நீ வருவே" என்பாள் ரேடியோ. பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கு அந்தப் பட்டம். காலையில் ஆரம்பித்தால் அணைக்கிற பொத்தான் கிடையாது. "அக்கா வீட்டுக்கு ஈ வந்தாக்கூட காலைக் கழுவிட்டுத்தான் உட்காரும்" என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தவளும் அவள்தான்.

வீட்டில் அவளும் புருஷனும் மட்டும். மகள் கல்யாணமாகி வேறு ஊரில். புருஷனுக்குச் சைக்கிள் பழுது பார்க்கிற கடை, வீட்டு முன்னறையிலேயே. அவருக்கு ஒரு முழங்கால் மடங்காது. ஒரு காலை நீட்டியபடி தரையில் உட்கார்ந்துதான் பஞ்சர் ஒட்டுவார். அவர் கையில் கிரீஸ், அவள் கையில் துணி. முப்பது வருஷக் குடித்தனமும் இந்த இரண்டுக்கும் நடந்த சண்டைதான்.

தெருவின் கடைசி வீட்டில் ஒரு கிழவர். கடிகாரம் பழுது பார்த்தவர். இடுப்பு ஒடிந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. சாயங்காலம் அவர் அறையையும் பெருக்கித் துடைத்துவிட்டு வருவாள். யாரும் கேட்டுக்கொண்டு செய்ததில்லை, நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை. "உங்க சுவர்ல ஒன்பது கடிகாரம் மாட்டியிருக்கீங்களே, இதுல எது சரியான நேரம் காட்டுது பெரியவரே?" என்று ஒரு நாள் கேட்டாள். "எதுவும் இல்லம்மா. உன் வாளிச் சத்தம் கேட்டா மணி அஞ்சு" என்றார் அவர்.

வெள்ளத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஹெட் கிளார்க் அவளைத் திரும்பவும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கீழ்த்தளத்துப் பதிவறையில் நின்றுகொண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கட்டெல்லாம் மாடிக்கு ஏத்தணும்மா. இன்னிக்கே."

"எல்லாத்தையுமா? எதுக்கு சார்? வெள்ளை அடிக்கப் போறாங்களா?"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "ஆமாம்மா. வெள்ளை அடிக்கத்தான். நாளைக்கு நீ வர வேண்டாம், ஆபீஸ் லீவு."

நூற்று நாற்பது கட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம். பதினெட்டுப் படி. எலிப்புழுக்கையும் தூசியுமாக மார்போடு அணைத்து ஏற்றினாள். அதிகாரியின் கார் வழக்கமான மரத்தடியில் இல்லாமல், கட்டடத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறி நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. இடுப்பு விட்டுப்போய் வீட்டுக்கு வந்தவள் ரேடியோவிடம் பெருமையாகவே சொன்னாள்: "நாளைக்கு லீவுடி. ஆபீசுக்கு வெள்ளை அடிக்கிறாங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆறு தெருவுக்குள் வந்தது.

எந்த அபாயச் சங்கும் ஊதவில்லை. அலுவலக மொட்டை மாடியில் சங்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. மாதா மாதம் அதன் மேலிருக்கும் புறா எச்சத்தைச் சுரண்டியவள் அவளேதான். முதலில் கணுக்கால், அடுத்த பத்து நிமிஷத்தில் முழங்கால், அப்புறம் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. தெருவில் மாடி இருந்தது மாவு மில்லுக்கு மட்டும். புருஷனின் மடங்காத காலை அவள் தூக்க, மில்காரர் மேலேயிருந்து இழுக்க, எப்படியோ ஏற்றினார்கள். கடைசி வீட்டுக்கு மில் ஆட்கள் இரண்டு பேர் கயிறு கட்டிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் தண்ணீர் கழுத்துக்கு வந்து காலை வாரியது. திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவளும் போகிறேன் என்று இறங்கியவள்தான். ரேடியோ முடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள். அந்த நேரத்திலும் அந்தக் கிழவர் வாளிச் சத்தத்தை எதிர்பார்த்துப் படுத்திருப்பாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அப்புறம் அவளை விடவே இல்லை.

மில் மாடியில் தொண்ணூறு பேர், இரண்டு நாள். மில்காரர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். "மேலே சொல்லியிருக்கோம்" என்றது போன். எந்த மேலே என்று கேட்பதற்குள் கட்டாகிவிட்டது. இரண்டாம் நாள் ஒரு ஹெலிகாப்டர் தலைக்கு மேல் தாழ்வாகச் சுற்றியது. எல்லோரும் துணியை ஆட்டினார்கள். உள்ளேயிருந்தவர்களும் கையை ஆட்டினார்கள். போய்விட்டார்கள்.

"நல்ல மரியாதை தெரிஞ்ச மனுஷங்க" என்றார் அவள் புருஷன்.

தண்ணீர் வடிந்த மறுநாள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. உதவி கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தெருவே ஓடியது. வந்தவன் அவளைக் கூப்பிட வந்திருந்தான். அலுவலகம் சேறாகக் கிடக்கிறது, சுத்தம் பண்ண ஆள் இல்லை.

போனாள். போகாவிட்டால் அவளை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். அலுவலகத்துக் கீழ்த்தளத்திலும் தண்ணீர் புகுந்திருந்தது. நான்கு அறைச் சுவரிலும் இடுப்பு உயரத்தில், ஜன்னல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, பழுப்பாக ஒரு சேற்றுக்கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஓடியது. தரையை முடித்துவிட்டு நாரை நனைத்துக்கொண்டு சுவரிடம் போனபோது ஹெட் கிளார்க் பாய்ந்து வந்தார்.

"தொடாதே, தொடாதே! தரையோட நிறுத்திக்கோ. அந்தக் கோட்டுல கை வைக்காதே."

"ஏன் சார்? நாறுதே."

"நாறட்டும். தலைமை ஆபீஸ்ல இருந்து தணிக்கைக்கு வருவாங்க. கோட்டைக் கண்ணால பார்த்து டேப் வச்சு அளந்தாத்தான் புது பீரோ, புது ஏசி எல்லாம் கிடைக்கும். போட்டோ எல்லாம் செல்லாது."

"சரி சார்" என்று நாரைப் பிழிந்து வைத்தாள். சோம்பேறிகளுக்குச் சொல்லவா வேண்டும், சேற்றை வைத்துக்கொண்டே பீரோ சம்பாதிக்கிறார்கள் என்று உள்ளுக்குள் சிரிப்பு. அந்த விதி தன் வீட்டுச் சுவருக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. விதியெல்லாம் பீரோ வைத்திருக்கிறவர்களுக்கு என்று நினைத்துவிட்டாள்.

அன்று மத்தியானமே அலுவலகத்து பிளீச்சிங் பவுடரில் அரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். "சேத்துல உட்கார்ந்து அழுதா சேறு போகாது. வாந்திபேதி வந்தா யாரு பார்ப்பா? எழுந்திருங்க எல்லாரும்" என்றாள். நான்கு நாள் தெருவே அவள் சொல்படி ஆடியது. மண்வெட்டியால் சேற்றை வழித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, நாரும் துடைப்பமும் தேய, இருபத்து மூன்று வீட்டையும் கழுவினார்கள். சுவரில் கழுத்துயரத்துக்கு இருந்த கோடு போகிற வரைக்கும் அவள் விடவில்லை. "இங்க பாரு, இன்னும் தெரியுது" என்று ரேடியோ வீட்டுச் சுவரை இரண்டு தரம் தேய்க்க வைத்தாள். கடைசி வீட்டை அவள் தனியாகக் கழுவினாள். கிழவரின் உடலை அதற்கு முதல் நாள்தான் எடுத்துப் போயிருந்தார்கள்.

தெருவில் ஒருவருக்கும் வாந்திபேதி வரவில்லை. அதை யாரும் எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.

கணக்கெடுப்பு ஆள் பத்தொன்பதாம் நாள் வந்தான். கையில் அட்டை, இடுப்பில் டேப். கால் அழுக்காகாமல் நடக்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தான். தெரு அலம்பிய தட்டு மாதிரி இருந்தது.

"தண்ணி எது வரைக்கும் வந்தது?"

"இது வரைக்கும்" என்று ரேடியோ தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள்.

"உடம்பைக் காட்டாதீங்கம்மா. சுவரைக் காட்டுங்க."

சுவரில் என்ன இருக்கிறது காட்ட? மில்காரர் மாடியிலிருந்து எடுத்த படத்தைப் போனில் காட்டினார். போட்டோ செல்லாது என்றான். பினாயில் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே! அவனைத் தன் வீட்டுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். பின்சுவர் முழுசாக விழுந்து, தார்ப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இந்தப் பக்கம்தான் புருஷனின் கட்டில்.

"பழைய சுவர். தானா விழுந்திருக்கும்" என்று எழுதினான்.

"ஏன் தம்பி, இருபது வருஷமா நின்ன சுவரு, வெள்ளம் வந்த அன்னிக்குப் பார்த்து அதுவா விழுந்துச்சா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அன்னிக்கு இங்க இல்லையே."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் அவள் புருஷன் கட்டிலில் இருந்தபடி.

கடைசி வீட்டு வாசலில் நின்று, "இங்கே இறந்தவருக்கு வயசு?" என்று கேட்டான். எண்பத்தொன்று என்றார்கள். இயற்கை என்று எழுதிவிட்டு நகர்ந்தான்.

அவன் மறுபக்கத்து வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ரேடியோ ஆற்றங்கரைக்கு ஓடி ஒரு சட்டி சேறு அள்ளி வந்து தன் சுவரில் கோடு இழுத்துவிட்டாள். துணியில் நூல் பிடித்தாற்போல் தைக்கிறவளுக்குச் சுவரில் நேர்கோடு வரவில்லை. கணக்கெடுப்பு ஆள் அதைப் பார்த்துச் சிரித்தான். "ஏம்மா, வெள்ளம் என்ன மேடும் பள்ளமுமா நெளிஞ்சு நெளிஞ்சு வந்துச்சா?" அவன் சிரித்ததைத் தெரு இன்னும் மறக்கவில்லை.

முடிவு வர இன்னும் நான்கு வாரம் ஆனது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் அறிவிப்புப் பலகையின் கண்ணாடியைத் துடைக்கும்போது தானே படித்தாள். எட்டாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும். 'ஆற்றோரத் தெரு: நீர் புகவில்லை. பாதிப்பு இல்லை.' கீழே அதிகாரியின் கையெழுத்து, வால் நீண்ட காற்றாடி மாதிரி.

தெருவில் அன்று அவள் தலை நிமிரவில்லை. "கழுவு கழுவுன்னு உயிரை எடுத்தியேக்கா. இப்பப் பாரு, எல்லாத்தையும் சேர்த்துக் கழுவிட்டோம்" என்றாள் ரேடியோ. அவளுடைய இரண்டு தையல் மெஷினும் துருவேறிக் கிடந்தன. சொல்லிவிட்டு அவளே அழுதாள். பினாயில் அக்காவின் புருஷன்தான் சத்தம் போட்டார்: "பத்தொன்பது நாளும் சேத்துல குடித்தனம் பண்ணணுமா, அவனுங்க வந்து அளக்குறதுக்காக? சுத்தமா இருந்தது நம்ம தப்பா?" அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துப் பின்சுவர் எழுப்ப முடியாது. அடுத்த மழைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. தார்ப்பாய் அதுவரை தாங்காது.

மனு எழுதிக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனாள். பதினேழு வருஷத்தில் அவர் உட்கார்ந்திருக்கும்போது அந்த அறைக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அவர் மனுவை எடுக்காமலே பேசினார்.

"நீ நம்ம ஆபீஸ் ஆளு. அதனால சொல்றேன். சுவர்ல கோடு இருந்திருந்தா கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்ப உங்க வாய்ச்சொல்லை வச்சு நான் என்னன்னு எழுதுறது? நாளைக்கு எவன் வேணும்னாலும் வந்து என் வீட்டுலயும் தண்ணின்னு சொல்லுவான்."

"தொண்ணூறு பேர் சொல்றோம் சார்."

"தொண்ணூறு வாய்ச்சொல்." அவர் பேனாவை மூடினார். "அது சரி, உங்களை யாரு கழுவச் சொன்னது?"

அவள் மனுவை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை அவர் மேசையைத் துடைக்கும்போது, கண்ணாடிக் குண்டு வைத்து அழுத்தியிருந்த காகிதங்களைத் தூக்கி வைத்தாள். தினமும் தூக்கி வைக்கிறவைதான். அன்றைக்குத்தான் படித்தாள். அடியில் ஒரு தந்திக் காகிதம் மாதிரி: 'மேல் அணையின் மதகுகள் நாளை காலை திறக்கப்படும். ஆற்றோரத் தாழ்வான பகுதி மக்களை உடனடியாக வெளியேற்றவும்.' பெற்றுக்கொண்ட முத்திரையில் வெள்ளத்துக்கு முந்தின நாள் தேதி இருந்தது. நேரமும் இருந்தது: காலை பதினொன்று நாற்பது.

வெள்ளை அடிக்கத்தான்.

நூற்று நாற்பது கட்டுக் காகிதத்தை மாடியேற்ற ஆள் அனுப்பிக் கூப்பிட்டவர்களுக்கு, கடைசி வீட்டுக் கிழவர் ஒருவரை ஏற்ற ஆள் அனுப்பத் தோன்றவில்லை. அவர் ஒரு கட்டுக் காகிதத்தின் கனம்கூட இருக்க மாட்டார். எலும்பும் தோலும். அன்று ஏறி இறங்கிய பதினெட்டுப் படியும் அவள் முழங்காலில் திரும்ப வலித்தது. காகிதத்தை எடுத்தபடியே வைத்தாள். குண்டை அதன் மேல் வைத்தாள். மேசையை இன்னொரு தரம் துடைத்தாள்.

"நாளைக்குத் தணிக்கை" என்றார் ஹெட் கிளார்க் அந்த வாரக் கடைசியில். "தரை கண்ணாடி மாதிரி இருக்கணும். கோடு மட்டும்..."

"தெரியும் சார்" என்றாள்.

மறுநாள் ஐந்தரைக்கே பின்கதவைத் திறந்தாள். சோப்புத் தூள், நார், இரண்டு வாளி. காய்ந்து இறுகிய ஏழு வாரத்துச் சேறு. முதலில் ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டாள். பிறகு முழங்கால் உயரத்திலிருந்து மார்பு உயரம் வரை, ஒரு இடம் வெளுப்பாகவும் ஒரு இடம் மங்கலாகவும் தெரியாதபடி, சுவர் முழுவதையும் ஒரே சீராகத் தேய்த்தாள். பீரோக்களைத் தோளால் தள்ளி நகர்த்திப் பின்பக்கமும் தேய்த்தாள். கதவு நிலையின் இடுக்கில் ஒட்டியிருந்ததைத் துடைப்பக் குச்சியால் சுரண்டினாள். நான்கு அறை. அவள் வாழ்நாளில் அத்தனை கோபமாக எதையும் சுத்தம் செய்ததில்லை, அத்தனை நிதானமாகவும் செய்ததில்லை. ஒன்பதரைக்குத் தரை காய்ந்திருந்தது. சுவரும் காய்ந்திருந்தது.

தணிக்கைக்கு வந்தவர் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. கைப்பையில் டேப், முகத்தில் மூன்று அலுவலகம் பார்த்துவிட்டு வந்த களைப்பு. இன்னும் இரண்டு பாக்கி. அதிகாரி பல்லெல்லாம் தெரிய வரவேற்று, பதிவறைக் கதவைத் திறந்து, "இதோ மேடம், நீங்களே பாருங்க" என்று கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"எதைப் பார்க்கணும்?" என்றார் தணிக்கை அம்மா.

"கோடு... இங்கதான் மேடம்... நேத்துக்கூட இருந்துச்சே!"

ஹெட் கிளார்க் அடுத்த அறைக்கு ஓடினார். அதற்கடுத்த அறைக்கும் ஓடினார். திரும்பி வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தண்ணி வந்ததுக்கு அடையாளம் ஒண்ணும் இல்லையே சார்" என்றார் தணிக்கை அம்மா, சுவரை விரலால் தடவிப் பார்த்து. "சுவர் என்னமோ புதுசா இருக்கு."

"பீரோவைப் பாருங்க மேடம், முழுக்கத் துரு."

"துருப்பிடிச்ச பீரோ எல்லா ஆபீஸ்லயும் இருக்கு."

அதிகாரியின் கண் வாசலில் வாளியோடு நின்றவள் மேல் விழுந்தது. "நீயா? யாரு உன்னைக் கழுவச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். சுத்தம் பண்றதுதானே என் வேலை."

அவர் பல்லைக் கடித்தார். தணிக்கை அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் கத்த முடியவில்லை. சட்டென்று குரல் தேன் மாதிரி ஆனது. "மேடம், இவங்களையே கேளுங்க. பதினேழு வருஷமா இங்கதான் வேலை. தண்ணி வடிஞ்ச மறுநாள் சேத்தை வழிச்சதே இவங்கதான். சொல்லும்மா, தண்ணி எவ்வளவு உயரம் இருந்துச்சு? மேடம்கிட்ட சொல்லு."

"வாய்ச்சொல் செல்லாதுன்னு சார் எங்கிட்ட சொல்லியிருக்காரு மேடம்."

ஹெட் கிளார்க் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

"செல்லுமா செல்லாதான்னு நான் சொல்றேன். தண்ணி வந்துச்சா இல்லையா?" என்றார் தணிக்கை அம்மா.

"இங்க வந்துச்சான்னு நான் சொல்றதைவிட, நீங்க ஒரு நிமிஷம் வாசலுக்கு வாங்க மேடம்."

வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். சுவரைக் கழுவிய தண்ணீர் அதில் பழுப்பாக நின்றது. கேட்டுக்கு வெளியே, தினமும் கொட்டுகிற இடத்திலேயே கொட்டினாள். அது ஒரு கணம் தயங்கி, சாலையோரமாக வழி பிடித்து, டீக்கடையைத் தாண்டி, வளைவில் திரும்பி மறைந்தது.

"அது போய்ச் சேருற இடம் எங்க தெரு மேடம். ஆத்துக்கும் இந்த ஆபீசுக்கும் நடுவுல எங்க தெரு. இங்க இடுப்பு வரைக்கும் தண்ணின்னு சார் பீரோ கேட்குறாரு. எங்க தெருவுல தண்ணியே புகலன்னு இதே சார் கையெழுத்துப் போட்டு, உள்ள பலகையில ஒட்டியிருக்கு. தினமும் அந்தக் கண்ணாடியை நான்தான் துடைக்கிறேன்."

தணிக்கை அம்மா உள்ளே போய்ப் பலகையைப் படித்தார். கையிலிருந்த பீரோ விண்ணப்பத்தையும் படித்தார். இரண்டிலும் அதே காற்றாடி வால்.

"என்ன சார் இது? ஆறு பள்ளத்தை விட்டுட்டு, தாண்டிக் குதிச்சு மேட்டுக்கு வந்துச்சா?"

"அது... அடையாளம் இல்லாததால... விதிப்படி..."

தணிக்கை அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "எனக்கு வெள்ளம் முக்கியம் இல்ல சார். ரெண்டு காகிதமும் ஒத்துப்போகணும். கோடு இல்லன்னா, பாதிக்கப்பட்ட பகுதியில குடியிருக்குற ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதும்னு விதியே இருக்கு. ஆனா அந்தப் பகுதி பட்டியல்ல இருக்கணும். தெருவைச் சேர்த்தா உங்க பீரோ உண்டு. சேர்க்கலன்னா இல்ல. எதுன்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

சாட்சிக் கையெழுத்துப் போதும் என்று விதியே இருந்ததா! தொண்ணூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது அந்த விதி எந்தக் கட்டுக்குள் இருந்தது? அவளே மார்போடு அணைத்து மாடிக்குத் தூக்கிப் போன கட்டுகளில் ஏதோ ஒன்றுக்குள்தான் இருந்திருக்கும்.

அதிகாரிக்கு யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஏழு வாரமாக முடியாதது ஏழு நிமிஷத்தில் தட்டச்சாகி வந்தது. 'மறு ஆய்வின்படி ஆற்றோரத் தெருவில் நீர் புகுந்தது உறுதி செய்யப்படுகிறது.' ஆறு பீரோவுக்காக இருபத்து மூன்று வீடு பட்டியலில் ஏறியது.

"இங்க போடும்மா கையெழுத்து" என்று ஹெட் கிளார்க் பேனாவை நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு காகிதத்தைப் படித்தாள். ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து. வீடுகள்: இருபத்து மூன்று. சுவர்ச் சேதம்: பதினான்கு. உயிர்ச்சேதம்: இல்லை.

"இது தப்பு."

"எது?"

"உயிர்ச்சேதம். ஒண்ணுன்னு போடுங்க. கடைசி வீடு, கடிகாரக்காரரு."

"அது வேற ஃபைல்மா" என்றார் அதிகாரி. "அது இயற்கைன்னு முடிஞ்சிடுச்சு. அதைத் திறந்தா ஏன் முன்கூட்டியே சொல்லலன்னு கேள்வி வரும், விசாரணை வரும். நீ போடு, உன் சுவரு வந்துடும்ல?"

"அவரு வேற தண்ணியில சாகல சார்."

"இந்தா பாரு..."

"நான் கையெழுத்துப் போடலன்னா உங்களுக்கு பீரோ இல்ல. எங்களுக்குச் சுவரும் இல்ல. எங்களுக்குச் சுவரு இல்லாம இருந்து பழக்கமாயிடுச்சு சார்."

அப்படிச் சொல்லும்போது தார்ப்பாயும் அதன் பக்கத்துக் கட்டிலும் அவள் கண்முன் வராமல் இல்லை. பேனாவை மேசை மேல் வைத்தாள்.

தணிக்கை அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "எழுதிக் கொடுங்க சார். எனக்கு நேரமாகுது."

அதிகாரி எழுதினார். 'இல்லை'யை அடித்து, மேலே 'ஒன்று' என்று தன் கையாலேயே எழுதி, பக்கத்தில் சின்னதாகக் காற்றாடி வரைந்தார். அவள் தன் பெயரை முழுசாக, மெதுவாக, கோட்டுக்கு மேல் நேராக எழுதினாள்.

தணிக்கை அம்மாவின் கார் கிளம்பின பிறகு அதிகாரி அவளைப் பார்க்காமலே உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஹெட் கிளார்க்தான் அவர் அறையிலிருந்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒப்பந்தக்காரர்கிட்ட சார் பேசிட்டாரும்மா. நாளையில இருந்து வேற ஆள். நான் என்ன பண்ண முடியும் சொல்லு."

"ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். அன்னிக்கு வெள்ளை அடிக்கப் போறாங்கன்னு சொன்னீங்களே, தண்ணி வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுக்குக்கூடவா சார்கிட்ட கேட்கணும்?"

அவர் தரையைப் பார்த்தபடி, "வந்தவங்க செருப்போட நடந்து தரையெல்லாம் அழுக்கு. போறதுக்கு முன்னாடி ஒரு தரம்..." என்றார்.

துடைத்தாள். உள்ளேயிருந்து வாசலைப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்டே, மூலை முடுக்கு விடாமல். சிமெண்ட் எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. பட்டியலில் ஏறிய பெயர் வீட்டுச் சுவராக ஏறுவதற்குள் இன்னும் எத்தனை மேசையைத் தாண்ட வேண்டுமோ, அத்தனை மேசைக்கு முன்னாலும் போய் நிற்பதென்று முடிவு செய்திருந்தாள். இனி காலை நேரமெல்லாம் சும்மாதானே.

வாளி நிறைய கறுப்புத் தண்ணீர். வழக்கம்போல் கேட்டை நோக்கித் தூக்கிக்கொண்டு இரண்டு அடி வைத்தவள் நின்றாள். திரும்பி அதிகாரியின் அறைக்குள் போனாள். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். வாளியை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தாள். சாவியை மேசை மேல் வைத்தாள்.

"இதை எங்க கொட்டுறது?" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

"எங்க வேணும்னாலும் கொட்டிக்கோங்க சார்" என்றாள். "எங்க தெருவுக்கு மட்டும் அனுப்பாதீங்க."